பெரியவனும் சின்னவனும் ஏலத்துக்குப் போன கதை

போதகரம்மாவின் முதுகோடு எங்கள் வீட்டுச் சுவர் கிளம்பிப் போய்விட்டது. பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது.

அந்த வாரம் வீட்டு ஜெபக்கூட்டம் எங்கள் முறை. முடிச்சூரில் எங்கள் ஹாலின் நீளம் கம்மி, எங்கள் சபையார் செய்யும் ஜெபத்தின் நீளம் அதிகம். பாயில் உட்கார்ந்திருந்த போதகரம்மா ஒரு கட்டத்தில் கண்ணை மூடியபடியே சுவரில் சாய்ந்துவிட்டார். ஆமென் சொல்லி எழுந்தபோது மாம்பழ நிறப் பட்டுப்புடவையின் பின்பக்கம் முழுக்க வெள்ளைப் பொருக்கு. "அய்யோ, பரவாயில்லம்மா, தட்டினா போயிரும்" என்று சொல்லித் தட்டினார். புடவையில் இருந்தது போகவில்லை. சுவரில் மிச்சமிருந்ததுதான் கொஞ்சம் உதிர்ந்தது.

எல்லோரும் கிளம்பிப் போன பிறகு என் மனைவி ஜெயசீலி என்னைப் பார்த்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டுப்பாடம் செய்யாத பையனைப் பார்க்கிற பார்வை ஒன்று வைத்திருக்கிறாள். லீவு நாட்களில் அதை என்மேல் பிராக்டிஸ் செய்வாள்.

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன். போதகரம்மா எவ்வளவு பெருந்தன்மை!"

"நான் சுவரைக் கேட்டேன்."

"சுவருக்கென்ன? நல்ல சுவர்தான்."

"ஆமா. கிறிஸ்துமஸ் கீதம் பாட வர்றவங்க முதுகுக்கு ஆளுக்குக் கொஞ்சம் குடுத்து அனுப்பலாம்."

சுவரைப் பற்றி நான் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் எங்கள் ஹாலில் தண்ணீர் இடுப்பளவு நின்றது. வடிந்துபோகும்போது சுவரில் பழுப்பாக ஒரு கோடு போட்டுவிட்டுப் போனது. அதன்மேல் எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும் மூன்றாவது மழைக்குள் அது எட்டிப் பார்க்கும். இதற்கு நான் ஒரு செலவில்லாத வைத்தியம் கண்டுபிடித்திருந்தேன். ஒவ்வொரு புதுவருஷமும் சபையில் வசன அட்டை கொடுப்பார்கள். அதைத் தூக்கிப் போடவும் மனசு வராது. பழைய அட்டைகளை எல்லாம் ஈரம் ஊறி ஓதம் தெரிகிற இடமாகப் பார்த்து மாட்டி வைத்தேன். எங்கள் வீட்டில் எங்கெல்லாம் வசனம் இருக்கிறதோ அங்கெல்லாம் ஓதம் இருக்கிறது என்று அர்த்தம். வந்தவர்கள் எங்கள் பக்தியைப் பார்த்து அசந்து போவார்கள்.

மறுநாளே ஜெயசீலி பெயிண்டர் சிட்டிபாபுவை வரவழைத்துவிட்டாள். அவன் ஒரு அட்டையைத் தூக்கிப் பார்த்தான். இன்னொன்றைத் தூக்கிப் பார்த்தான். விரலால் சுவரைத் தட்டினான். சுவர் அவன் கையோடு கொஞ்சம் வந்தது.

"இன்னா சார் இது, வூடா அப்பளமா?"

"எவ்வளவு ஆகும், அதைச் சொல்லுப்பா."

சொன்னான். நான் சோபாவில் உட்கார்ந்தேன். நான் கிண்டியில் ஒரு பம்ப் கம்பெனியில் பர்சேஸ் ஆபீசர். என்னைப் பார்த்தாலே சப்ளையர்கள் அவர்களாகவே விலையைக் குறைத்துக்கொண்டுதான் வாயைத் திறப்பார்கள். அப்பேர்ப்பட்ட என்னிடம் இப்படி ஒரு தொகையா? ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து நின்றேன்.

"ஜெயா! இந்த வீட்டை நானே புதுசாக்கிக் காட்டறேன். அறுப்பின் பண்டிகைக்குள்ள. அஞ்சு பைசா செலவில்லாம!"

சிட்டிபாபு ஜெயசீலியைப் பார்த்தான். "டீச்சரம்மா, நான் அப்பால வரேன். எப்டியும் கூப்புடுவீங்கோ" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

முதல் முயற்சி செங்கல். நிஜச் செங்கல் இல்லை, செங்கல் படம் போட்ட ஸ்டிக்கர். ஆன்லைனில் தள்ளுபடியில் கிடைத்தது. படத்தில் அந்தச் சுவருக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரப் பெண் காபி குடித்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டில் வெள்ளம் வந்திருக்காது என்பதை நான் யோசிக்கவில்லை. சனிக்கிழமை பூராவும் ஒட்டினேன். கோடு மறைந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு அந்தச் சுவர் ஓரமாகவே படுத்துக் கண்ணயர்ந்தேன். கண் விழித்தபோது ஒரே இருட்டு. முகத்தின் மேல் செங்கல். எங்கோ தூரத்தில் ஜெயசீலி சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"எடுக்காதீங்க, எடுக்காதீங்க! ஒரு போட்டோ எடுத்துக்கறேன். இருபத்தஞ்சு வருஷத்துல எனக்குத் தோணாததை இந்தச் சுவர் பண்ணியிருக்கு, பாவம், உங்களுக்குப் போர்த்தி விட்டிருக்கு."

அந்தப் போட்டோவை கேளம்பாக்கத்தில் வேலை செய்யும் எங்கள் மகள் ஆஷாவுக்கு அனுப்பினாள். ஆஷா அதற்குச் சிரிக்கிற பொம்மையாகப் பதினோரு பொம்மை போட்டிருந்தாள். பெற்ற பிள்ளை!

அதன் பிறகுதான் நான் முறைப்படி படிக்க உட்கார்ந்தேன். வீட்டை மலிவாக அழகுபடுத்துவது எப்படி என்று செல்போனில் ஆயிரம் பேர் பாடம் நடத்துகிறார்கள். எல்லோரும் ஒரே குரலில் சொன்ன விஷயம் ஒன்று இருந்தது. நான் அதை சமையலறை வாசலில் நின்று பிரகடனம் செய்தேன்.

"ஜெயா, கேட்டுக்கோ. வீட்டைப் புதுசாக்க புதுப் பொருள் வாங்க வேண்டியதே இல்லை. இடத்தை அடைச்சுக்கிட்டு ஒரு பிரயோஜனமும் இல்லாம இருக்கறதை முதல்ல வெளியே அனுப்பணும். அவ்வளவுதான். வீடு தானா பளிச்சுனு ஆயிடும்."

அவள் வெங்காயம் அரிவதை நிறுத்தினாள். "இதை நீங்க சொல்றீங்களா?"

"நான்தான் சொல்றேன்."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னேன். சொல்லும்போது என் கண் அவளுடைய ஷோகேஸ் மேல் இருந்தது. ஹாலின் பாதிச் சுவரை அது பிடித்துக்கொண்டிருக்கிறது. கண்ணாடிக் கதவு, உள்ளே பள்ளிக்கூடத்தில் கொடுத்த கோப்பைகள், கண்ணாடி வாத்து, ஒருவரும் டீ குடிக்காத டீ செட். அவள் கண் ஜன்னலோர மூலைக்குப் போனது. அங்கே பெரியவனும் சின்னவனும் நின்றிருந்தார்கள்.

அவர்கள் என் ஸ்பீக்கர் பெட்டிகள். கல்யாணத்துக்கு முன்னாலேயே, முதல் வருஷ போனஸில் வாங்கியது. தேக்குப் பலகை, என் மார்பளவு உயரம். இரண்டும் ஒரே அளவுதான். இருந்தாலும் இடது பக்கத்தவனுக்குக் குரல் கொஞ்சம் கனம் என்பதால் பெரியவன். நான் சபைப் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுகிறவன். அந்தப் பெட்டிகளில் ஒரு அடிக்குரல் கேட்டால் நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ கதவைத் தட்டுவதுபோல் இருக்கும். ஜெயசீலி காதுக்கு அது பக்கத்து வீட்டில் போர் போடுகிற சத்தம்.

"அப்போ பெட்டியை அனுப்பிடலாமா?" என்றாள்.

"ஷோகேஸைச் சொன்னேன்."

"ஷோகேஸ் என்ன பண்ணுச்சு? அது வாயைத் திறக்குதா?"

"பெட்டி எனக்குப் பிள்ளைங்க மாதிரி ஜெயா."

"தெரியுமே. வெள்ளத்தப்போ எதை முதல்ல மாடிக்குத் தூக்கிட்டு ஓடினீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

இந்த இடம் வந்தால் எனக்குத் தோல்விதான். தண்ணீர் வாசல்படி ஏறியபோது நான் பெரியவனைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். திரும்பி வந்து சின்னவனைத் தூக்கினேன். மூன்றாவது நடையில்தான் ஜெயசீலியிடம் "நீயும் வா" என்றேன். அதற்குள் அவள் என் சர்ட்டிபிகேட், என் பிரஷர் மாத்திரை, என் கண்ணாடி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுத் தலைமேல் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். பத்து வருஷம் ஆகப் போகிறது. எங்கள் வீட்டு வாக்குவாதங்கள் எந்த ஊரில் கிளம்பினாலும் அந்த மாடிப்படியில் வந்துதான் முடியும்.

ஆனால் பர்சேஸ் ஆபீசர் சும்மா தோற்க மாட்டான். படுத்துப் படுத்து யோசித்து ஒரு திட்டம் போட்டேன்.

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை அன்று ஏலம் நடக்கும். ஆளாளுக்கு விளைந்தது, செய்தது, வீட்டிலிருப்பது என்று காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். பூசணிக்காயிலிருந்து குத்துவிளக்கு வரை ஆராதனை முடிந்ததும் மைக் வைத்து ஏலம் போடுவார்கள். பணம் ஆலயத்துக்கு. ஏலத்துக்குக் கொடுத்தது என்றால் கடவுளுக்குக் கொடுத்தது. ஜெயசீலி எனக்குப் பயப்பட மாட்டாள், கடவுளுக்குப் பயப்படுவாள். நான் பெட்டிகளைக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னால் அவளுக்கு மனசு இளகும். ஷோகேஸைக் கொடுத்துவிடுவாள். ஆனால் பெட்டிகள் ஆலயத்துக்குப் போகாது. எங்கள் தெருவிலேயே இருக்கும் கலீல் பாய் கடைக்குப் போகும். ஏலம் முடிந்ததும், 'ஒருத்தரும் கேக்கலை ஜெயா, ஆண்டவர் நமக்கே திருப்பிக் குடுத்துட்டார்' என்று சொல்லி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம். திட்டத்தில் ஓட்டை எங்கே என்று தேடிப் பார்த்தேன். ஒன்றுகூடத் தெரியவில்லை.

கலீல் பாய் சோபா ரிப்பேர், பாலிஷ் வேலை செய்கிறவர். அவருடைய சின்ன லோடு வண்டியிலேயே பெட்டிகளை ஏற்றினோம். ஜெயசீலி வாசலில் நின்று பார்த்தாள். நான் கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்தேன்.

"நிஜமாவா குடுக்கறீங்க?" என்றாள்.

"கடவுளுக்குன்னு வந்தப்புறம் எனக்குன்னு என்ன ஜெயா?"

அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பக்கத்தில் வந்து என் சட்டைக் காலரைச் சரி செய்தாள். "உங்களை நான் என்னவோ நினைச்சிட்டேன். சரி, நீங்களே இவ்வளவு பண்ணும்போது நான் மட்டும் ஷோகேஸைக் கட்டிக்கிட்டு அழுவேனா? சனிக்கிழமைக்குள்ள அது இந்த ஹாலைவிட்டுப் போயிரும்" என்றாள். எனக்கு ஒரு நிமிஷம் வெட்கமாகக்கூட இருந்தது. ஒரே ஒரு நிமிஷம்தான்.

கடையில் இறக்கும்போது பாய் கேட்டார். "சார், கோயிலுக்குன்னு டீச்சராண்ட சொன்னீங்க. இங்க எறக்கறீங்க?"

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் இங்கேயே இருக்கட்டும் பாய். யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்."

"நான் எதுக்கு சார் சொல்லப் போறேன்?" என்றார். அவர் சொல்லவில்லைதான். ஆனால் அந்தக் கடைக்குள்ளேயே தையல் மெஷினில் அவர் மனைவி நூர் பீவி உட்கார்ந்திருந்தார். அவரிடம் நான் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. இப்போது தெரிகிறது, ஓட்டை அங்கேதான் இருந்திருக்கிறது.

அந்த வாரம் வீட்டில் என்னென்னவோ நடந்தது. ஜெயசீலியின் பழைய சுங்குடிப் புடவைகள் பீரோவிலிருந்து இறங்கி, நூர் பீவியிடம் போய், ஜன்னல் திரைகளாகத் திரும்பி வந்தன. என்னுடைய கட்டம்போட்ட சட்டைகள் நான்கு காணாமல்போய், சோபாத் தலையணைகளாகக் கிடைத்தன. ஒன்றின் நடுவில் பாக்கெட் கூட அப்படியே இருந்தது. "ரிமோட் வைக்க" என்றாள். வசன அட்டைகள் எல்லாம் கழற்றித் துடைக்கப்பட்டன. ஓதம் பிடித்த பொருக்கை ஒரு சாயங்காலம் அவளே கரண்டியால் சுரண்டி எடுத்து, ஏதோ பூசி, காயவிட்டாள். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு யோசனைகள் சொன்னேன். அதில் ஒன்றையும் அவள் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை நான் ஆபீஸிலிருந்து வந்தபோது ஷோகேஸும் இல்லை. ஹால் மைதானம் மாதிரி விரிந்து கிடந்தது. என் மனசு துள்ளியது.

துள்ளிய மனசோடு பிள்ளைகளைப் பார்க்கக் கடைக்குப் போனேன். பெரியவனும் சின்னவனும் மூலையில் துணி போர்த்தி நின்றிருந்தார்கள். ஓரத்தைத் தூக்கினேன். புதுசாகப் பாலிஷ் போட்டு மின்னினார்கள்.

"ஏன் பாய், நான் பாலிஷ் கேக்கலையே?"

"நல்ல தேக்கு சார். சும்மா கெடக்குதேன்னு கைவெச்சேன். காசு வாணாம்."

நெகிழ்ந்துபோய்த் திரும்பினால், கடைக்குப் பின்பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு கண்ணாடிக் கதவு. ஷோகேஸ்! கதவைக் கழற்றி வைத்து, உடம்புக்கு இளம்பச்சையில் பெயிண்ட் அடித்துக் காயவைத்திருந்தார்கள்.

எனக்குப் புரிந்துவிட்டது. அடிப் பாவி, அவளும் என்னைப் போலவே செய்திருக்கிறாள்! ஏலத்துக்கு என்று சொல்லிவிட்டு இங்கே ஒளித்து வைத்திருக்கிறாள்! சந்தோஷத்தில் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஏலம் முடியட்டும், பெட்டிகளை வீட்டுக்குள் கொண்டுவரும்போது அவளால் வாயைத் திறக்க முடியாது என்று கணக்குப் போட்டேன். வீட்டுக்கு வந்து அவளிடம் ரொம்பப் பிரியமாகப் பேசினேன். அவளும் ரொம்பப் பிரியமாகப் பேசினாள். அன்று ராத்திரி எனக்குப் பிடித்த ஆப்பமும் தேங்காய்ப்பாலும் கிடைத்தது. சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து பந்தலின் கீழ் ஏலம் களைகட்டியது. மைக் எங்கள் சபைச் செயலாளர் ஆபேல் அண்ணன் கையில். மற்ற நாட்களில் அவர் பரம சாது. மைக் கிடைத்தால் ஆளே மாறிவிடுவார். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். முதலில் ஒரு சேவல் வந்தது. அதை ஒருவர் எடுத்து, "மறுபடியும் ஆலயத்துக்கே" என்று கொடுத்தார். இரண்டாவது ஆளும் எடுத்து அப்படியே கொடுத்தார். எங்கள் சபையில் அது வழக்கம். ஏலத்தில் எடுத்ததைத் திரும்பக் கொடுத்தால் இரண்டு மடங்கு காணிக்கை, இரண்டு மடங்கு கைதட்டல். மூன்றாம் தடவை விலைபோகும்போது சேவலுக்கே கொஞ்சம் பெருமை வந்திருந்தது. நான் ஒரு வாழைப்பூவை மட்டும் மலிவாக எடுத்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன்.

அப்போது கேட்டுக்குள் ஒரு லோடு வண்டி வந்தது.

கலீல் பாய் இறங்கினார். பின்பக்கக் கதவைத் திறந்தார். பெரியவன் இறங்கினான். சின்னவன் இறங்கினான். வெயிலில் இரண்டு பேரும் ஜொலித்தார்கள். என் கையிலிருந்த வாழைப்பூ கீழே விழுந்தது.

"சபையாரே, பாருங்க, பாருங்க!" ஆபேல் அண்ணன் குரல் பந்தலைத் தூக்கியது. "நம்ம அசரியா தம்பி, தன் உயிரையே, தன் உயிரினும் மேலான ஸ்பீக்கர் பெட்டி ரெண்டையும் மனமுவந்து காணிக்கையா குடுத்திருக்கார்!"

கைதட்டல். போதகர் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். "தனக்கு ரொம்பப் பிரியமானதைக் குடுக்க எத்தனை பேருக்கு மனசு வரும்? உங்களை நினைச்சா எனக்குக் கண் கலங்குது அசரியா." எனக்கும் கலங்கியது. கலீல் பாயைத் தனியாக இழுத்தேன்.

"பாய்! என்ன பண்ணிட்டீங்க?"

"இன்னா சார் பண்ணேன்? நீங்க ஞாயித்துக்கெழம வரிக்கும் வெச்சிக்கச் சொன்னீங்கோ. டீச்சர் வந்து ஞாயித்துக்கெழம கோயிலாண்ட எறக்கிடுங்கன்னாங்கோ. ரெண்டும் கரெக்டாத்தான கீது? ஆண்டவனுக்குக் குடுத்துட்டேன்னு வாயால சொன்ன பொருளு என் கடைல தங்கினா என் யாவாரம் என்னா சார் ஆவறது?"

பெண்கள் பக்கம் பார்த்தேன். முன்வரிசையில் ஜெயசீலி. பக்கத்தில் விருந்தாளியாக நூர் பீவி. இரண்டு பேரும் ஆளுக்கொரு வடையோடு மிகவும் அமைதியாக இருந்தார்கள்.

ஏலம் ஆரம்பித்தது. பாடகர் குழுத் தலைவி சுஜி ஒரு தொகை கேட்டாள். நான் மேலே கேட்டேன். அவள் அதற்கு மேலே கேட்டாள். பம்ப் கம்பெனியில் நான் கற்ற வித்தை எல்லாம் விலையைக் குறைக்கிற வித்தை, ஏற்றத் தெரியாது. ஆனாலும் ஏற்றினேன். "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்! அசரியா தம்பிக்கே!" தொகையை இங்கே எழுத மாட்டேன். பிள்ளைகள் தப்பித்தார்கள் என்று மூச்சு விட்டேன். போய் பெரியவனைக் கட்டிக்கொள்ளக்கூடப் போய்விட்டேன்.

ஜெயசீலி எழுந்து நின்றாள்.

"அண்ணா, எங்க வீட்டுக்காரர் அதை மறுபடியும் ஆலயத்துக்கே குடுக்கணும்னு ஆசைப்படறார். கூச்சத்துல சொல்ல மாட்டார். நான் சொல்லிடறேன்."

பந்தல் அதிர்ந்தது. சின்னப் பிள்ளைகள் விசில் அடித்தார்கள். போதகர் மறுபடியும் கண் கலங்கினார். பெட்டியைக் கட்டிப்பிடித்த கையை எடுத்துக் கும்பிட வேண்டியதாயிற்று.

இரண்டாவது சுற்று. சுஜி கேட்டாள். நான் கேட்டேன். பக்கத்து வரிசைக்காரர், "என்ன தம்பி, குடுத்ததை நீங்களே கேக்கறீங்க, எடுத்ததைக் குடுக்கறீங்க, பக்தி முத்திருச்சா?" என்றார். மறுபடியும் எனக்கே விழுந்தது. விழுந்த வேகத்தில் நான் ஜெயசீலியைப் பார்த்துத் தலையை ஆட்டினேன், வேண்டாம் வேண்டாம் என்று. அவள் அதைச் சபையாருக்கு விளக்கினாள். "பாருங்க, தலையை ஆட்டறார். வீட்டுக்கு வேண்டவே வேண்டாமாம்!"

மூன்றாவது சுற்றுக்கு செல்போனில் பணம் இருக்கிறதா என்று பார்த்தேன். பேங்க் சிவப்பு எழுத்தில் பதில் சொன்னது. சுஜி ஒரு தொகை கேட்டாள். வாழைப்பூவுக்கு நான் கொடுத்ததைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். எதிர்க்க ஆளில்லை. மூன்று தரம் சொல்லி, பெரியவனும் சின்னவனும் பாடகர் குழுவின் சொத்தாக ஆலயத்து மாடி ஹாலுக்கு ஏறினார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. எல்லோரும் அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார்கள்.

திரும்பும்போது ஸ்கூட்டரில் பின்னால் ஜெயசீலி, அவள் மடியில் வாழைப்பூ. முடிச்சூர் ரோடு வரைக்கும் அடக்கி வைத்திருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

"என் பெட்டியை அனுப்பிட்டியே, உன் ஷோகேஸ் எங்கே? ஏலத்துக்கு வரலையே? பெரிய நேர்மை! கலீல் பாய் கடையில பச்சை பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்கே, நான் என் ரெண்டு கண்ணால பார்த்தேன்!"

"கலீல் அண்ணன் கடைக்கு நீங்க எதுக்குங்க போனீங்க?"

ஸ்கூட்டர் தானாக ஓரம் கட்டியது.

"சும்மா. அந்தப் பக்கமா போனேன்."

"அங்கே யாரைப் பார்க்கப் போனீங்க?"

வண்டியை எடுத்தேன். ஷோகேஸை ஏலத்துக்குக் கொடுக்கிறேன் என்று அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் பொய்யே சொல்லவில்லை. சொன்னது நான் ஒருத்தன்தான். கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து அவள் கை என் தோளில் விழுந்தது.

"நூர் அக்கா அன்னிக்கே சொல்லிட்டாங்க. வந்து சண்டை போடலாம்னுதான் நினைச்சேன். அப்புறம் தோணுச்சு, கடவுளுக்குக் குடுத்தேன்னு சொல்லிட்டு ஒளிச்சு வெச்சா நாளைக்கு உங்களுக்கே மனசு உறுத்தும். அதான் உங்க வாக்கை நான் காப்பாத்தினேன். பாலிஷ் காசு என் சம்பளத்துல குடுத்தது. உங்க பிள்ளைங்க நல்லபடியா போகட்டும்னுதான்." பிறகு, "ஆலயத்துல மாடி ஹால்ல இருக்கு. இனிமே வெள்ளம் வந்தா நீங்க என்னை முதல்ல தூக்கலாம்" என்றாள்.

கோபப்பட வேண்டிய இடம். வரவில்லை. இந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டதற்கு நான் கொடுத்து வைத்தவன் என்றுதான் தோன்றியது. ஆனால் அதை அவளிடம் சொல்லி என் மானத்தை வாங்கிக்கொள்ளவில்லை.

வாரக் கடைசிக்குள் ஹால் முடிந்துவிட்டது. இளம்பச்சை ஷோகேஸ் கதவில்லாமல் புத்தக அலமாரியாகத் திரும்பி வந்து நின்றது. டீ செட்டில் நாங்கள் டீ குடித்தோம். ஹார்லிக்ஸ் பாட்டில்களில் மணிபிளான்ட். பூச்சு காய்ந்த சுவரில் மீந்த பெயிண்டைக் கலந்து அடித்து, இந்த வருஷத்து வசன அட்டையை மட்டும் நடுவில் மாட்டியிருந்தாள். ஜன்னலோர மூலையில், பெட்டிகள் இருந்த இடத்தில், ஒரு மேஜையும் நாற்காலியும். பரீட்சைப் பேப்பர்களை அங்கே உட்கார்ந்து திருத்தினாள். இத்தனை வருஷமும் அவள் அவற்றைக் கட்டில்மேல் பரப்பி வைத்து, முதுகு வலிக்கக் குனிந்து திருத்துவாள். வெளிச்சம் வருகிற ஒரு மூலைதான் அவளுக்கு வேண்டியிருந்திருக்கிறது. அதை என் இரண்டு பிள்ளைகளும் அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். எனக்கு நிஜமாகவே சங்கடமாக இருந்தது.

சனிக்கிழமை மதியம் சுஜி போன் செய்தாள். பெட்டிகளைப் போடுகிற சூட்சுமம் குழுவில் ஒருத்தருக்கும் தெரியவில்லையாம். இனிமேல் ஒவ்வொரு சனிக்கிழமையும் மூன்று மணி முதல் இருட்டும் வரைக்கும், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிறகு மதியம் வரைக்கும் நான்தான் பொறுப்பாம். ஜெயசீலி டீச்சர் ஏலத்தன்றே எனக்காக ஒத்துக்கொண்டுவிட்டாராம். எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாமாம்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். அவள் ஒரு டப்பாவில் சுண்டலும் பிளாஸ்கில் காபியும் போட்டுக் கையில் கொடுத்தாள். வாசலில் நின்று ஒரு தரம் ஹாலைத் திரும்பிப் பார்த்தேன். திரைகள் காற்றில் ஆடின. வீடு அவ்வளவு அமைதி, அவ்வளவு அழகு.

"சூப்பரா இருக்கு ஜெயா. ஒரு செலவும் இல்லாம எப்படித்தான் பண்ணினியோ!"

"எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுதாங்க. இடத்தை அடைச்சுக்கிட்டு ஒரு பிரயோஜனமும் இல்லாம இருக்கறதை வெளியே அனுப்பினேன்."

"பெட்டிங்களைத்தானே சொல்றே?"

அவள் கையிலிருந்த சிவப்புப் பேனாவை மூடிவிட்டு, எழுந்து வந்து, கதவின் மேல் கைவைத்தாள்.

"அதுங்க போன வாரமே போயிருச்சே. நேரமாச்சு, கிளம்புங்க."